புள்ளி

தமிழாசிரியனாக வாழ்ந்தவனுக்குப் புள்ளியின்மேல் தனிப்பற்று உண்டாதல் இயல்பு. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஆயினும், எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சிய முன்னோர் சுவடிகளில் புள்ளியிடாது விட்டனர். 'மண்' என்பதும் 'மண' என்பதும் ஏட்டில் ஒரே வடிவாய் நிற்கும். சுவடி பதிப்பித்த பெரியோர் இதனால் உற்ற இடர் சிறிதன்று.

அவ்விடரைத் தொலைக்காட்சியிலும் நான் கண்டதுண்டு. 1975இல் தொடங்கிய சென்னை நிலையத்தின் அலைகள் எங்கள் ஆவுடையார்கோவிலை எட்டவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் 1982இல் ரூபவாகினி தொடங்கப்பெற்றதும், எம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வசதி படைத்தோர் உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனா கட்டி அதனைக் கண்டனர். காற்று வீசினால் ஒருவர் மேலேறி அதனைத் திருப்புவார், மற்றொருவர் கீழே நின்று, "வருகிறது, வருகிறது, போய்விட்டது!" என்று கூவுவார். மாந்தர் மார்கழிப் பனியில் நடப்பவரைப் போலத் தோன்றுவர். தமிழெழுத்து வந்தாலோ, புள்ளியும் இல்லை, கொம்பும் இல்லை! "செல்லரித்த சுவடி இதனினும் மேல்" என்று சொல்லி எழுந்து வந்தேன். அதன்பின் நெடுங்காலம் அப்பெட்டியை நான் மதித்ததில்லை.

சென்ற பொங்கலுக்கு என் மகன் பெரிய திரையொன்றை வாங்கிச் சுவரில் மாட்டினான். வீண்செலவு என்று முணுமுணுத்தேன். பதின்மூன்று வயதுப் பேரன், "தாத்தா, இதுவும் அப்பத்தா இடுகின்ற புள்ளிக்கோலந்தான்" என்றான். புள்ளி குறைந்த கோலத்தில் மயிலை வரையலாம். மிகுந்தால் அன்றோ தோகையின் கண்களும் அமையும்! பழைய முறைப் படத்தில் கண்ணுக்குப் புலப்படுவன 576 கிடைக்கோடுகளே. கோட்டுக்கு 720 புள்ளி என்று கொண்டால் 4,14,720 ஆகும். உயர்தெளிவுப் படத்திலோ 1,080 வரிசை, வரிசைக்கு 1,920 புள்ளி, ஆக 20,73,600. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவொளியின் கூட்டு. ஜப்பான் நாட்டு ஒலிபரப்பு நிறுவனமாகிய என்எச்கே இத்தகைய நுண்படத்திற்கான ஆய்வை 1964இலேயே தொடங்கிற்றாம். அன்று நான் பள்ளிச் சிறுவன். தொலைக்காட்சி என்ற சொல்லையும் கேட்டறியேன்.

என் மனைவி மூட்டுவலியால் ஈராண்டாகக் கோயிலுக்குச் செல்லவில்லை. அதனை அவள் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. மாலையில் மணியோசை கேட்கும்பொழுது மட்டும் கைவேலையை நிறுத்துவாள். இதனைப் பேரன் எப்பொழுது கவனித்தானோ, அறியேன். ஒருநாள் உரியவரிடம் இசைவு பெற்று, மண்டபத்துக் கொடுங்கைகளைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துத் தந்தையின் கைப்பேசிக்கு அனுப்பினான். அதனைத் திரையில் இட்டபொழுது கல்லெல்லாம் களிமண்ணாய்க் குழம்பித் தோன்றியது. நான் நகைத்தேன்.

"அனுப்பும்பொழுது சுருங்கிவிட்டது, தாத்தா" என்றான் அவன். முன்னைய படத்தினின்று மாறாதவற்றை மீண்டும் எழுதாமல், கண் எளிதிற் காணாத நுண்மைகளையும் கழித்து, படத்தைச் சிற்றளவினதாக ஆக்குவார்களாம். நூற்பா இயற்றுவது போன்ற வேலைதான். ஆனால் நூற்பாவின் பொருளை உரையாசிரியர் விரித்துக் காட்டுவார். கழிந்த புள்ளியை மீட்டுத்தரும் உரையாசிரியர் எவர்? பிறகு அவன் தன் கைப்பேசியையே கம்பியால் திரையோடு இணைத்தான்.

எங்கள் கோயிற் கொடுங்கையின் சிறப்பை நாடறியும். எவ்வேலையும் செய்வோம், ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக என்று சிற்பிகள் எழுதிக்கொடுப்பர் எனப் பழமொழிபோல் வழங்குவர். கருங்கல்லை மரக்கூரையின் சட்டங்களைப் போல இழைத்திருக்கின்றனர். திரையில் அச்சட்டங்கள் தெரிந்தன. அவற்றைப் பிணிக்கும் ஆணிகளின் தலைகளும் தெரிந்தன. ஆணியும் கல்லே! முப்பது ஆண்டு மாணவரை அழைத்துச் சென்று, "மரம்போன்ற கல்லைப் பாருங்கள்" என்று கூறி நடந்துவிட்டவன் நான். ஆணி உண்டென்று நூலில் படித்தேனேயன்றி, நிமிர்ந்து நின்று தேடியதில்லை. நாணம் மேலிட்டது.

மனைவி அசையாது நோக்கியிருந்தாள். பின்பு, "சாமியைக் காட்டப்பா" என்றாள்.

சிறுவன் என்னைப் பார்த்தான். கருவறையைப் படம் பிடித்தல் முறையன்று. பிடித்தாலும் எதனைக் காட்டுவது? ஆத்மநாதர் அருவமாய் விளங்கும் தலம் இது. ஆவுடையார் உண்டு, மேலே இலிங்கத் திருவுரு இல்லை. யோகாம்பிகைக்கும் திருவடிகளே உள. அவற்றையும் கற்பலகணி வழியேதான் காணுதல் வேண்டும். வகுப்பில் இதனைப் பலகால் விளக்கிய எனக்கு அன்று ஒரு சொல்லும் எழவில்லை.

"அதனை நிறுத்து, ராசா" என்றாள் அவள். என் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஒரு வண்டி பேசுங்கள். மெல்ல நடந்துகொள்கிறேன்" என்றாள்.

மறுநாள் ஆட்டோவில் சென்றோம். ஒருகையால் பேரனையும் மறுகையால் என்னையும் பற்றி நடந்தாள். சந்நிதிக்குச் செல்லுமுன் கொடுங்கையின்கீழ் நின்று அண்ணாந்தாள். எனக்கு ஓர் ஆணித்தலைதான் புலப்பட்டது. அவள் மூன்றைச் சுட்டிக் காட்டினாள்.