ஜாக்கியின் கசிவு

தமிழில் ‘கேரவன்’ என்ற சொல் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியையே குறித்துவந்தது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பின், குடும்பமாகத் தங்கிப் பயணிக்கும் வண்டி என்ற பொருளும் அதனோடு சேர்ந்துகொண்டது. இவ்வகைப் பெரிய வண்டிகள் பலவற்றின் அடியில் ஹைட்ராலிக் ஜாக்கிகள் உண்டு. சரிவான தரையிலும் வண்டியைச் சமமாக நிறுத்துபவை அவை. குன்றும் சரிவுமான திருவனந்தபுரத்தில் அவற்றுக்கு வேலை அதிகம்.

கரமனைப் பகுதியில் சிறு பட்டறை நடத்தும் நாகர்கோவில்காரர் ஒருவரிடம் அப்படி ஒரு படப்பிடிப்பு வண்டி வந்தது. பின்புற இடது ஜாக்கி ஒரே ஆண்டில் மூன்றாம் முறையாகக் கசிந்துகொண்டிருந்தது. முந்தைய இரு முறையும் வேறோரிடத்தில் சீல் மாற்றியிருந்தார்கள். “இதையும் மாத்திக் குடுங்க அண்ணே, காலையில ஷூட்டிங்” என்றான் ஓட்டுநர். அவர் பதில் சொல்லவில்லை. முதலில் சேஸிஸுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி வண்டியின் பாரத்தை அவற்றின்மேல் இறக்கினார். வண்டியைச் சமப்படுத்தும் ஜாக்கி, அடியில் ஆள் படுப்பதற்கான தாங்கி அன்று. அவசரக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ஜாக்கியை இயக்கச் சொல்லித் தள்ளி நின்று பார்த்தார். குழாய் இணைப்புகளின் அருகே கையை நீட்டாமல் ஓர் அட்டைத் துண்டையே நீட்டினார். உயரழுத்த எண்ணெய் ஊசித்துளை வழியே வந்தாலும் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அக்காயம் விரலையே பறிக்கக்கூடும். அட்டை நனையவில்லை. ராடு வெளிவரும் வாயில்தான் எண்ணெய் சொட்டியது.

சீல் கிழிந்திருந்தது உண்மை. ஆனால் அவர் சீலைப் பார்க்கவில்லை. ராடின்மேல் நகத்தை மெல்ல இழுத்தார். நான்கைந்து இடங்களில் நகம் சிக்கியது. ஊசிமுனை அளவுத் துருக்குழிகள். ராடின் குரோம் பூச்சு பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து மைக்ரான் கனமே இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் உண்டு. கடற்கரையில் நாள்கணக்கில் நீட்டி நிறுத்திய ராடில் உப்பு அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள எஃகைத் தின்கிறது. பிறகு ராடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் குழியின் விளிம்பு அரம்போலச் சீலைச் சீவுகிறது. புதுச் சீல் சில மாதங்களுக்குமேல் தாங்காததன் காரணம் இதுதான்.

கசிவு இவ்வியந்திரத்தின் பிறவிநோய். இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோதும் இதே வாயில்தான் அவரைத் திணறடித்தது. இறுக்கிக் கட்டினால் தண்டு அசையாது, தளர்த்தினால் நீர் ஒழுகும். அவரிடம் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லேதான் தீர்வு கண்டார் என்பர்: கிண்ணம்போல் மடித்த தோல் வளையம். வெளியேற முயலும் நீரே அதன் உதடுகளை விரித்துத் தண்டோடு அழுத்திவிடும். இன்றைய சீலும் அதே வடிவம்தான். தோலின் இடத்தில் பாலியூரித்தேனோ நைட்ரைல் ரப்பரோ இருக்கும். இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி விளையும் கேரளத்தில், அந்த ரப்பரை இங்கே பயன்படுத்த முடியாது என்பது ஒரு வேடிக்கை. கனிம எண்ணெய் பட்டால் அது ஊறிப் பருத்துவிடும்.

உரிமையாளர் தொலைபேசியில் சீலை மட்டும் மாற்றினால் போதும் என்றார். “அந்தக் காசை நான் வாங்க மாட்டேன் சார்” என்றார் பட்டறைக்காரர். அது வீம்பாகவே ஒலித்தது. ஆயினும் படுக்கைகளோடு நிற்கும் வண்டி நள்ளிரவில் ஒரு மூலை சரிந்தால் நேர்வதை அவர் ஒருமுறை கண்டிருந்தார். அதை அவர் விவரிப்பதில்லை.

ஜாக்கி கழற்றப்பட்டது, குழாய் முனை அடைக்கப்பட்டது. படப்பிடிப்புக்கு வண்டி போயிற்று, மற்ற மூன்று ஜாக்கிகளையும் தொடாமல். மூன்றை மட்டும் தூக்கினால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். டயர்களுக்கு அடியில் பலகை வைத்து ஏற்றிச் சமப்படுத்தும் பழைய முறையை ஓட்டுநருக்குக் கற்றுக்கொடுத்தார். ராடு கோயம்புத்தூர் சென்று, பழைய குரோம் உரிக்கப்பட்டு, புதுப்பூச்சும் சாணையும் பெற்று வர ஒன்பது நாள் ஆயிற்று.

பொருத்தியபின் ஜாக்கியைப் பலமுறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினார். நான்கும் முழுவதும் உள்ளே இருக்கும்போதுதான் தொட்டியில் எண்ணெய் அளவு பார்த்தார். நீட்டிய நிலையில் பார்த்து ஊற்றினால், மடக்கும்போது வழியும். கடற்கரையில் நின்றால் ராடை நன்னீரால் துடைத்து, உலர்த்தி, சிலிகான் தெளிப்பு அடிக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னார். “தினமுமா அண்ணே?” “கடல் தினமும்தானே தம்பி காத்து அடிக்குது.” ஓட்டுநர் பழைய வேட்டித் துண்டொன்றைக் கேட்டு வாங்கி இருக்கைக்கு அடியில் செருகிக்கொண்டான்.