உட்கார்ந்துகொண்டே முறைப்பவர்கள்

மேசையில் தட்டை வைப்பது வேறு, போடுவது வேறு. ஜார்ஜியாவில், திபிலிசியின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கின்காலிக் கடை அம்மாள் போட்டார். உருளைக்கிழங்கு வைத்தது உண்டா என்று கேட்டதற்குத் தலையைக்கூட அசைக்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்திவிட்டுப் போனார். வந்தது இறைச்சி வைத்தது. மடிப்பு மடிப்பாகச் சுருக்கி உச்சியில் குடுமி முடிந்த மாவுப் பொட்டலம். உள்ளே கொதிக்கும் சாறு.

முள்கரண்டியால் குத்தப் போனேன். எங்கிருந்தோ வந்து கரண்டியைக் கையிலிருந்து பிடுங்கினார். ஒரு கின்காலியைக் குடுமியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஓரத்தில் கடித்து உறிஞ்சுவதுபோல் செய்து காட்டினார். ஒரு சொட்டுச் சாறு சிந்தக்கூடாதாம். குடுமியைத் தின்னாமல் தட்டிலேயே வைத்துவிட வேண்டுமாம். பாடம் முடிந்ததும் முறைத்தார், போனார். பில்லில் 15 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறியிருந்தது. எந்தச் சேவைக்கு என்று கேட்க நாக்கு துடித்தது.

"இங்க இதெல்லாம் சகஜம்ணே," என்றான் உடன் வந்த தென்காசிப் பையன். அங்கே மருத்துவம் படிக்கிறான். "மொத மாசம் எனக்கும் கோவம் வந்துச்சு. இப்ப யாராவது சிரிச்சாத்தான் பயமா இருக்கு."

எனக்குப் பழகியது தி. நகர்த் துணிக்கடை. ஐம்பது புடவையை விரித்துப் போட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்தாலும் "பரவால்ல மேடம், அடுத்த தடவ வாங்க" என்று சிரிக்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் கோபம் வந்தது. இவர்கள் முறைப்புக்கு ஒரு காரணமும் கைவசம் இருந்தது: எல்லாம் சோவியத் காலத்துப் பழக்கம். அன்றைய கடையில் சரக்கு குறைவு, விலையை அரசு நிர்ணயிக்கும், விற்றாலும் விற்காவிட்டாலும் சம்பளம் அதேதான். வாங்குகிறவர்தான் விற்கிறவரிடம் குழைய வேண்டியிருந்தது.

மறுநாளே அந்தக் காரணம் ஆட்டம் கண்டது. பையனின் வசிப்பிட அனுமதி விஷயமாக அரசின் பொதுச் சேவை மாளிகைக்குப் போனோம். மாசிமிலியானோ ஃபுக்சாஸ் வடிவமைத்து 2012-இல் திறந்த கட்டடம்; ஆற்றோரத்தில் வெள்ளை இதழ்களை அடுக்கிவைத்தாற்போன்ற கூரை. கடவுச்சீட்டு, நிலப் பதிவு, பிறப்புச் சான்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். வாசலிலேயே ஒரு பெண் என்ன வேலை என்று கேட்டு டோக்கன் கொடுத்தார், அதுவும் புன்னகையோடு. 2003-இன் ரோஜாப் புரட்சிக்குப் பின் வந்த சாகாஷ்விலி அரசு, லஞ்சத்தில் ஊறிய போக்குவரத்துக் காவல் துறையை மொத்தமாகக் கலைத்துவிட்டுப் புது ஆட்களை எடுத்த நாடு இது. சோவியத் வாசனை அரசு அலுவலகத்தை விட்டே போய்விட்டபோது, தனியார் கின்காலிக் கடையில் மட்டும் ஏன் தங்க வேண்டும்?

சாயங்காலம் பையன் தான் குடியிருக்கும் அடுக்ககத்துக்குக் கூட்டிப்போனான். லிஃப்டில் ஓர் உண்டியல். காசு போட்டால்தான் மேலே ஏறும். பராமரிக்கப் பணமில்லாத பழைய கட்டடங்கள் பலவற்றில் இப்படித்தான். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மாளைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். முதல் நாள் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் மீதிச் சில்லறையை என் முன் விசிறியவர் அவர்தான். இப்போது கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். வால்நட் விழுது தடவிய கத்தரிக்காய், பீன்ஸ் கூட்டு, பாலாடைக்கட்டி உருகி வழியும் கச்சாபுரி. தட்டு காலியாக விடவில்லை.

பையனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன்: கடையில் ஏன் அந்த முகம்? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கடைக்கு வருபவர் சாமான் வாங்க வருகிறார், வாங்கிக்கொண்டு போகட்டும். வீட்டுக்கு வருபவர் விருந்தாளி. பன்னிரண்டு மணி நேர வேலை. சிரிப்புக்குத் தனியாகச் சம்பளம் தருகிறார்களா?"

அந்தச் சம்பளக் கேள்விதான் குடைந்தது. ஜார்ஜியாவில் தனியார் துறைக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 20 லாரி. அந்த ஊர்ப் பணத்துக்கு அதுதான் பெயர். 1999-இல் நிர்ணயித்தது, நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்கூடத் தேறாது. நடைமுறையில் இதைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்கள் என்றாலும், பேரம் பேசச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. அரசு அலுவலகத்தைச் சிரிக்கவைத்த அதே ஆட்சிதான் 2006-இல் தொழிலாளர் ஆய்வுத் துறையையே இழுத்து மூடியது. அந்த 15 சதவீதமும் பல கடைகளில் முதலாளியோடு நின்றுவிடும் என்றான் பையன். லிஃப்ட்காரர்கள் உண்டியல் வைத்து நேராகக் கேட்டுவிடுகிறார்கள். உணவகத்தில் சேவைக்கென்று நான் கொடுத்த காசு, கரண்டியைப் பிடுங்கிச் சாப்பிடக் கற்றுக்கொடுத்த கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது சந்தேகம்.

இத்தனைக்குப் பிறகும் தட்டை மெதுவாக வைக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் தி. நகர்ச் சிரிப்பை இனி நான் அளவுகோலாகத் தூக்கிக்கொண்டு திரியப்போவதில்லை. அந்தப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிக்கிறவர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் போடவே தமிழ்நாட்டில் 2021 வரை ஆயிற்று. திபிலிசியின் கல்லாக்களில் என்னை முறைத்தவர்கள் வசதியாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் முறைத்தார்கள்.