சில்க் போர்டு சிக்னலும் ஒரு ரப்பர் வளையமும்

பெட்ரோல் காரின் இன்டேக் மேனிஃபோல்டை வெறும் காற்றுக்குழாய் என்றே பலரும் எண்ணுகிறோம். வடிவில் அப்படித்தான்: த்ராட்டிலை அடுத்து ஓர் அறை, அதிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாகப் பிரியும் கிளைகள். ஆனால் சில்க் போர்டு சிக்னலில் கார் நிற்கும்போது அதற்கு வேறொரு பணியும் உண்டு. த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிடுகிறது. பிரேக் பூஸ்டர் அந்தக் குறையழுத்தத்தை ஒரு குழாய் வழியே பெற்றுத்தான் நம் காலின் விசையைப் பெருக்குகிறது.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ளது. இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் மேனிஃபோல்டு அழுத்த சென்சார் சென்னையில் 101 கிலோபாஸ்கலை ஒட்டியும் இங்கே 91-ஐ ஒட்டியும் காட்டும். உள்ளழுத்தம் இரண்டு ஊரிலும் 33 என்று கொண்டால், பூஸ்டருக்குக் கிடைக்கும் வேறுபாடு அங்கே 68, இங்கே 58. அந்தப் பத்துக்குமேல் கசிவும் சேர்ந்தால்?

என் பழைய கார் சிக்னல்தோறும் நடுங்கத் தொடங்கியது. ஒரு சர்வீஸ் நிலையத்தில் மேனிஃபோல்டையே மாற்றச் சொன்னார்கள். கலாசிப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய் அவசரப்படவில்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தார், நடுக்கம் மாறவில்லை. பிறகு, இன்ஜின் சூடேறும் முன்பே, மேனிஃபோல்டு தலையோடு சேரும் விளிம்பில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது பீய்ச்சினார். மூன்றாம் கிளையருகே நடுக்கம் ஒரு கணம் அடங்கியது. விரிசல் வழியே திரவம் உள்ளே போய் மெலிந்த கலவையைச் செறிவாக்கியதன் விளைவு அது. (தீப்பற்றும் பொருள், வீட்டில் முயல வேண்டாம்.)

கழற்றியபோது மேனிஃபோல்டு பழுதின்றி இருந்தது. பள்ளத்தில் பதிந்திருந்த ரப்பர் கேஸ்கெட் மட்டும் தட்டையாகி இறுகிப்போயிருந்தது. திறந்த துளைகளில் முதலில் சுத்தமான துணியைச் செருகினார். “நட்டு உள்ள போச்சுன்னா இன்ஜினே போச்சு தம்பி.”

முன்பு அலுமினிய வார்ப்பாக இருந்த மேனிஃபோல்டு, இப்போது பல கார்களில் கண்ணாடியிழை கலந்த நைலான். எடை குறைவு, உட்புறம் வழவழப்பு, காற்றுக்குச் சூடும் குறைவாகவே ஏறும். ஆனால் அளவுக்கு மீறி முறுக்கினால் விரிசல் விடும். ஆய்வகத்து டார்க் ரெஞ்சைக் கொண்டுவரட்டுமா என்றேன், சிரித்தார். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு சுற்றாகக் கையளவிலேயே முறுக்கினார். இதில் மட்டும் நான் இன்னும் கருவியின் பக்கமே.

ஜே.சி. ரோட்டில் வாங்கிய புதிய கேஸ்கெட்டின் விலை, முதலில் சொன்ன மதிப்பீட்டுக்கு அருகிலேயே வராது.

கடைசியாக அவர் செய்த சோதனையை எவரும் செய்யலாம். இன்ஜினை அணைத்து, பிரேக்கைப் பலமுறை மிதித்து, பெடல் இறுகியதும் அழுத்தியபடியே இன்ஜினை இயக்க வேண்டும். பூஸ்டர் சரியாக இருந்தால் பெடல் சற்றே கீழிறங்கும். என் காலடியில் அது இறங்கியது.