தாத்தா புல்லட்டும் என் கிரைண்டரும்

உங்க வீட்டு ஷெட்டுல பழைய புல்லட் ஒண்ணு தார்ப்பாய் போர்த்தித் தூங்குதா? அப்படின்னா இது உங்களுக்குத்தான் பாஸ்!

எங்க வீட்டுல தூங்கினது தாத்தாவோட வண்டி. 350 சி.சி., இரும்பு சிலிண்டர், வலது கால்ல கியர். திருவொற்றியூர் ஃபேக்டரியில பிறந்த அசல் மெட்ராஸ்காரன். தாத்தாவுக்கு அப்புறம் அப்பா, அப்பாவுக்கு அப்புறம் நான்னு மனசுக்குள்ள பட்டா போட்டு வெச்சிருந்தேன். அப்பாதான் சாவியைத் தரலை. ''முதல்ல அதைப் புரிஞ்சுக்கோடா!''

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்குப் புரியாதா? செமஸ்டர் லீவுல அப்பா வெளியூர் போன நாலு நாள்ல, சிலிண்டர் ஹெட்டைக் கழட்டிட்டேன். போர்ட்டிங் பண்றதுக்கு!

அதென்ன போர்ட்டிங்? ஹெட்டுக்குள்ள ரெண்டு பாதை இருக்கும். ஒண்ணுல பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ளே வரும். இன்னொண்ணுல புகை வெளியே போகும். வார்ப்புல செஞ்ச பாதைங்கறதால உள்ளே மேடு, பிசிறெல்லாம் இருக்கும். வால்வ் உட்கார்ற இடத்துக்குப் பக்கத்துல ஒரு விளிம்பு துருத்திட்டு நிக்கும். அதையெல்லாம் சீராக்கினா இன்ஜின் நல்லா மூச்சு விடும்.

நான் அதோட நிறுத்தலை. 'கொஞ்சம் எடுத்தா நல்லதுன்னா, நிறைய எடுத்தா?'ன்னு கிரைண்டரை விட்டுக் கிணறே தோண்டிட்டேன். கண்ணாடி மாதிரி பாலிஷ் வேற!

அடுத்த வாரம், விஷயத்தைச் சொல்லாம அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி பின்னாடி உட்கார வெச்சு ஏற்காடு கிளம்பினேன். நேர் ரோட்டுல பறந்துச்சு. மலையில 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் வேகம் குறைஞ்சதும் முக்கல், இருமல். ஏழாவதுல நின்னே போச்சு. அப்பா ஒண்ணுமே பேசலை. இறங்கி நடக்க ஆரம்பிச்சார். திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன்.

மெக்கானிக் அண்ணன் ஹெட்டைப் பார்த்துட்டுக் கேட்டார்: ''தம்பி, செடிக்குத் தண்ணி விடறப்போ பைப் வாயை விரலால அழுத்தறது எதுக்கு?''

''தண்ணி வேகமா பாயும்ணே.''

''காத்தும் அப்படித்தான்!''

பாதை அகலமானா காத்தோட வேகம் குறையும். இன்ஜின் மெதுவா சுத்தறப்போ சிலிண்டர் சரியா நிரம்பாது. பெட்ரோல் துளி காத்தோட போகாம சுவத்துல ஒட்டிக்கும். வழுவழு பாலிஷும் உள்ளே வர்ற பாதைக்கு ஆகாது, லேசான சொரசொரப்பு இருக்கணும். புல்லட் பிஸ்டனோட விட்டம் 70 மி.மீ., அது ஏறி இறங்கற தூரம் 90 மி.மீ. நிதானமா சுத்தி இழுக்கறதுதான் அதோட பலம். அந்தப் பலத்தைத்தான் நான் சுரண்டி எடுத்திருந்தேன். சுரண்டின உலோகத்தைத் திருப்பி ஒட்ட முடியுமா?

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மொபைலுக்குச் சேர்த்த காசு, சென்னை புதுப்பேட்டையில ஒரு பழைய ஹெட்டாச்சு. கூட வந்து பேரம் பேசினது அப்பாதான்!

இந்தத் தடவை கேஸ்கட்டை வெச்சுக் கோடு போட்டு, விளிம்பையும் பிசிறையும் மட்டும் எடுத்தேன். பாதையோட அளவுல கையே வைக்கலை. பக்கத்துல டார்ச் பிடிச்சுட்டு அப்பா. மறுபடி ஏற்காடு. குதிரை ஒண்ணும் பறக்கலை. ஆனா, 20 வளைவுலயும் அப்பா இறங்கவே இல்லை.

மேலே போனதும், கேட்காமலே சாவி என் கைக்கு வந்துச்சு.

பழைய ஹெட்டா? என் டேபிள்ல இருக்கு. நான் தோண்டின கிணத்துல தாராளமா நாலு பேனா நிக்குது!