விசிறி மட்டும் சுற்றியது

தம் கையாலேயே ஒரு கணினியைப் பொருத்துகிறவர்களுக்கு முதல் நாளில் பெரும்பாலும் வருகிற நோய் இதுதான். ஆளியைப் போட்டால் விசிறிகள் சுற்றும், சிவப்பு விளக்கு எரியும், மொனிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கும். அடியோடு செத்த கணினியைவிட இது மனிதரை அதிகம் படுத்தும். செத்ததென்றால் மின்சாரம் வரவில்லை என்று ஒரே பக்கமாகத் தேடிப் போகலாம். இதுவோ மூச்சு விடுகிறது, ஆனால் பேசமாட்டேன் என்கிறது. என்ன வருத்தம் என்று அதுவாகச் சொல்லாது. நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்த பிறகு எனக்குக் கணினி இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. கைப்பேசியில் நிரல் எழுதிப் பழகுவது ஊசித் துவாரத்தால் ஊரைப் பார்ப்பது போன்றது. ஆனால் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு, கடையில் முழுதாகப் பொருத்தி விற்கும் கணினியின் விலையைக் கேட்டுவிட்டு வாப்பா ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தார். அதனால் துண்டு துண்டாகச் சேர்த்தோம். கட்டாரில் வேலை செய்யும் காக்கா லீவில் வரும்போது ரைசன் 5 5600ஜி புரொசசரைக் கொண்டுவந்தார். பி450 வகை மதர்போர்டைக் கொழும்பிலுள்ள ஒரு கடையில் பாவித்ததாக வாங்கினோம். ஏழு நாட்களுக்குள் பிழை என்றால் மாற்றித் தருவார்கள். 8 ஜிபி ரேம் இரண்டும் எஸ்.எஸ்.டி.யும் உம்மாவின் சீட்டுக் காசில் வந்தன. கேசிங் யாரோ கழித்துவிட்டது. பவர் சப்ளை மட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்று காக்கா பிடிவாதமாக நின்றார். சரியான பிடிவாதம் அது. கெட்ட பவர் சப்ளை தனியாகச் சாகாது, மற்றவற்றையும் இழுத்துக்கொண்டே போகும்.

காக்கா கட்டாருக்குத் திரும்பிய அடுத்த நாள் நான் பொருத்தத் தொடங்கினேன். பத்து வயதுத் தங்கச்சி பக்கத்திலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தந்தாள். தரும்போது ஒரு ரேம் அவள் கையிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பூட்டினோம். பிறகுதான் அந்தக் கறுப்புத் திரை.

எங்கள் வீட்டுக்கு அன்றிரவு வந்த மாமாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "அது கீழ விழுந்தா முடிஞ்ச கதைதான். சின்னப் புள்ளைட கையில அதைக் குடுக்கிறதா?" என்றார். உம்மா ஒன்றும் ஏசவில்லை, ஆனால் சீட்டுக் காசு என்று ஒருமுறை சொன்னார். தங்கச்சிக்கு அது போதுமாக இருந்தது. "நான் ஒடைக்கல்ல ராத்தா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை.

விழுந்ததும் உண்மை, ஓடாததும் உண்மை. ஆனால் ஒன்றால்தான் மற்றது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் கேபிள்களிலிருந்து தொடங்கினேன். மதர்போர்டுக்கு 24 பின் கொண்ட பெரிய இணைப்பு ஒன்று போகிறது. அது போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். புரொசசருக்கென்று மூலையில் 8 பின் இணைப்பு தனியாக இருக்கிறது. அதைப் பூட்டாவிட்டால் விசிறி அழகாகச் சுற்றும், புரொசசருக்கு மட்டும் உணவு போகாது. எங்களுடையதில் இரண்டும் இறுக்கமாக இருந்தன. அடுத்தது மொனிட்டர் கேபிள். புரொசசரின் பெயரின் கடைசியில் உள்ள 'ஜி' சும்மா போட்டதல்ல. படம் காட்டும் பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது என்பது பொருள். அந்த எழுத்தில்லாத 5600இல் மதர்போர்டின் பின்பக்கத்தில் மொனிட்டரைக் கொளுவினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது. எங்களிடம் 'ஜி' இருந்தது. ரேம்களும் புரொசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாம், நான்காம் குழிகளில், 'டிக்' என்ற ஓசையோடு சரியாக இருந்தன. நாணயம் போன்ற பற்றரியைக் கழற்றிச் சற்று நேரம் வைத்துத் திரும்பப் போட்டேன். மாற்றமில்லை.

பிறகு எல்லாவற்றையும் கழற்றினேன். எஸ்.எஸ்.டி., முன்பக்க வயர்கள், கேசிங் எதுவும் வேண்டாம். மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, புரொசசர், அதன் விசிறி, ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும். கேசிங்கின் உலோகம் எங்காவது பலகையின் முதுகில் பட்டு மின்சாரம் குறுக்கே பாய்கிறதா என்பதை இப்படித்தான் அறியலாம். ஆளி கேசிங்கோடு போய்விட்டதால், ஆளிக்குரிய இரண்டு பின்களை ஸ்குரூ ட்ரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு இயக்கினேன். உம்மா கதவடியில் நின்று, "மகள், ஷொக் அடிக்கும்!" என்றார். அந்தப் பின்களில் இருப்பது 5 வோல்ற்றுக்கு மேல் இல்லை. ஆனால் உம்மாவின் பயம் முழுக்க வீணானதுமல்ல. பழைய வீடுகளில் புவித்தொடுப்பு இல்லாத பிளக்கில் கணினியைக் கொளுவினால், கேசிங்கைத் தொடும்போது விரலில் ஒரு சுருசுருப்பு ஏறும். அது கணினியின் பிழையல்ல, சுவரின் பிழை. பவர் சப்ளைப் பெட்டியையோ ஒருபோதும் திறக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். இதை வாசிக்கும் தங்கைமார் இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள்.

பெட்டியின் மேலும் விசிறி மட்டும்தான் சுற்றியது.

அப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு வந்தேன். மதர்போர்டில் கொளுவும் சின்னஞ்சிறு ஸ்பீக்கர் ஒன்றுண்டு. ஒரு சோற்றுப் பார்சலின் விலைகூட இல்லை. ரேம் இல்லாமல் கணினியை இயக்கினால் அது 'பீப், பீப்' என்று முறையிட வேண்டும். தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் வர விரும்பவில்லை, இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் கையாலேயே ரேமைக் கழற்றச் சொன்னேன். இயக்கினேன். ஒரு சத்தமுமில்லை.

"என்ன ராத்தா, ஸ்பீக்கரும் பழுதா?"

ஸ்பீக்கர் நல்லதுதான், கடையில் வைத்தே பார்த்து வாங்கியது. முறையிடுவதற்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ரேம் இருக்கிறதா என்று தேடுவது புரொசசர். அது எழும்பித் தேடும் கட்டத்துக்கே வரவில்லை. எனவே இந்த மௌனத்துக்குக் காரணம் ரேம் அல்ல, அதற்கு முன்னால் வேறேதோ இருக்கிறது. இதனால் ரேம் நல்லது என்று ஆகிவிடாது, அதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். இந்தக் குற்றத்தை அது செய்யவில்லை என்பது மட்டும் உறுதி. அன்றிரவு அவள் சாப்பிட்டாள்.

மிஞ்சியவை மூன்று: பவர் சப்ளை, மதர்போர்ட், புரொசசர். பவர் சப்ளையை அயல்வீட்டுக் கணினியில் பூட்டிப் பார்த்தோம், ஓடியது. புரொசசரைக் கழற்றுவதற்கு எனக்குக் கை நடுங்கியது. அதன் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. விசிறியை நேராக மேலே இழுத்தால் இடையிலுள்ள பசையில் ஒட்டிக்கொண்டு புரொசசரும் பிடுங்கி வந்துவிடும். இடம் வலமாக மெதுவாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்து வரிசை வரிசையாகப் பார்த்தோம். ஓர் ஊசிகூட வளையவில்லை.

நான்காம் நாள். "அந்தக் கடைக்காரனுக்கு நல்லா ஏசி, காச வாங்கு" என்றார் மாமா. ஏசினால் காசு வரலாம், விடை வராது. நான் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த மதர்போர்டை எந்தப் புரொசசரை வைத்து ஓட்டிப் பார்த்தீர்கள்? ரைசன் 3 2200ஜி என்றார்.

அதற்குள் விடை இருந்தது. பி450 பலகை 2018இல் வந்தது. 5600ஜி 2021இல் வந்தது. இரண்டுக்கும் ஏஎம்4 என்ற ஒரே குழிதான், அதனால் அழகாகப் பொருந்தும். ஆனால் மதர்போர்டிலுள்ள பயோஸ் என்னும் தொடக்க நிரல், தனக்குப் பிறகு பிறந்த புரொசசரை அறியாது. ஒவ்வொரு புரொசசருக்கும் எத்தனையாம் பதிப்புப் பயோஸ் வேண்டும் என்று மதர்போர்ட் கம்பனிகள் பட்டியல் வெளியிடுகின்றன. எங்கள் பலகையில் ஒட்டியிருந்த சிறு தாளிலுள்ள எண், பட்டியலில் 5600ஜிக்கு நேரே இருந்த எண்ணைவிடப் பழையது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. காக்கா கொண்டுவந்ததும் பழுதில்லை. இரண்டும் நல்லவை, ஒன்றையொன்று தெரியாது, அவ்வளவுதான்.

கல்முனையில் கணினி திருத்தும் ஒருவரிடம் பழைய ரைசன் ஒன்று இருந்தது. அதைப் பூட்டினார். எங்கள் மதர்போர்ட் முதல் தடவையாகத் திரையில் எழுத்துக் காட்டியது. வாப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். புதிய பயோஸ் பென் ட்ரைவிலிருந்து ஏறும் சில நிமிடங்களுக்குள் மின்சாரம் நின்றால் பலகை பாழாகிவிடும். திருத்துபவரிடம் யூ.பி.எஸ். இருந்தது, இருந்தும் மூவரும் மூச்சுவிடாமல் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நூறு வீதம் ஆனதும் பழைய ரைசனைக் கழற்றி, புதுப் பசை பூசி, எங்களுடையதைப் பூட்டினார். படம் வந்தது.

வீட்டில் விண்டோஸ் ஏற்றி முடித்ததும் தங்கச்சி திரைக்கு முன்னால் வந்து குந்தினாள். நினைவகம் 16 ஜிபி, பாவிக்கக்கூடியது 13.9 ஜிபி என்று இருந்ததை வாசித்துவிட்டு அவள் முகம் மாறியது. "நான் விழுத்தினதாலயா ரெண்டு கொறஞ்ச?"

இல்லை, படம் காட்டுவதற்காக அந்த 'ஜி' எடுத்துக்கொண்ட பங்கு அது என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. சோதனை வேண்டும் என்றாள். நியாயம்தான், ரேம் நல்லது என்று இன்னும் நிரூபிக்கவில்லையே. அன்றிரவு நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் ட்ரைவில் ஏற்றி ஓடவிட்டேன். அது ரேமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, திரும்ப வாசித்துப் பார்க்கும். இலவசப் பதிப்பில் நான்கு சுற்றுகள் ஓடும். இரண்டாம் சுற்றோடு நான் நித்திரையாகிவிட்டேன்.

சுபஹுக்கு எழும்பியபோது அவள் எனக்கு முன்பே எழும்பித் திரைக்கு முன்னால் நின்றாள். நான்கு சுற்றும் முடிந்திருந்தது. பிழைகள் 0. உம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்தச் சைபரைக் காட்டினாள். பிறகு மாமாவுக்குக் கோல் எடுக்கச் சொன்னாள்.