ஆடியில் ஊன்றும் அவரை

கோலார் தங்கவயலைப் பற்றி நான் வாசித்த ஆய்வுகள் பெரும்பாலும் சுரங்கத்தையும் தொழிற்சங்கத்தையும் பேசுபவை. லைன் வீடுகளின் வேலியில் படரும் அவரையையும் அவற்றோடு சேர்த்துப் பேச விரும்புகிறேன்.

அம்மா ஆண்டுதோறும் ஆடியில் அதை ஊன்றுகிறார். பூச்சி துளைக்காத விதைகளைத் தெரிந்தெடுத்து ஓரிரவு மட்டும் ஊறவைப்பார். நெடுநேரம் நீரில் கிடந்தால் காற்றின்றி விதை அழுகிவிடும். சயனைடு மேடுகளின் புழுதி படியும் ஊர் என்பதால், வேறிடத்துச் செம்மண்ணில் மக்கிய சாணம் கலந்து சாக்குகளில் நிரப்புவார். ஒரு விரற்கணு ஆழத்தில் இரண்டு விதைகள். மண்ணில் ஈரம் இருக்கலாம், நீர் தேங்கலாகாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் தடித்த விதையிலைகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலெழும்.

நாட்டவரை பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும். காய் பறிக்க மார்கழி, தை ஆகிவிடும். பகலின் நீளத்தைச் சாராத ஹெப்பாள் அவரை வகைகளைப் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. எனினும் அம்மா கொடியிலேயே சில காய்களை நெற்றாக முற்றவிட்டு, தம் விதையையே தொடர்கிறார்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடிப் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரு சென்று மீள்கின்றனர். வீட்டின் உரிமையே நெடுங்காலம் கேள்வியாக இருந்த ஊரில், ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய விதையை ஊன்றுபவர் தையிலும் இங்கேயே இருக்க எண்ணுகிறார். இடப்பெயர்வை ஆராயும் நாம், தங்கிவிட்டவர்களின் இம்முடிவையும் பதிவுசெய்ய வேண்டும்.