கனமில்லாத போர்வை

சென்ற மார்கழியில் என் தாயாரைக் காணச் சென்றிருந்தேன். அவருக்கு வயது 84. காவிரிக்கரையில் உள்ள எங்கள் ஊரில், தமக்கையாரின் இல்லத்தில் வாழ்கிறார். மூச்சுத் திணறல் உள்ளவர். வயல்வெளியிலிருந்து வரும் வைகறைப் பனி அவருக்கு ஆகாது. கம்பளியின் கனத்தையோ மெலிந்த தோள்கள் தாங்குவதில்லை. போர்த்திய சற்று நேரத்தில் தள்ளிவிடுவார். இரவில் பலமுறை எழுந்து மீண்டும் போர்த்துவது தமக்கையாரின் பணி. ஏறத்தாழ 30 ஆண்டுகளாக ஊரார் பெற்றோருக்கெல்லாம் ஆறுதல் கூறிவரும் நான், பெற்ற தாய்க்கு ஓர் இரவும் போர்த்தியதில்லை. இவ்வெண்ணம் என்னை உறுத்தியது.

வெளிநாட்டில் வாழும் தமக்கை மகள் விட்டுச்சென்ற சிறிய கைத்தறி ஒன்று அவ்வீட்டுப் பரணில் கிடந்தது. மேசைமேல் வைத்து நெய்யத்தக்கது. அதைக் கேட்டு வாங்கிவந்தேன்.

எங்கள் பங்கிலிருந்து திருபுவனம் தொலைவன்று. கும்பகோணத்தை அடுத்த அவ்வூர் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. சௌராட்டிரக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு நெய்துவருகின்றன. திருபுவனம் பட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்வூரில் எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவரிடம் தறியைக் கொண்டு காட்டினேன்.

அவருடைய தறி வேறு. குழியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து மிதியை அழுத்தினால், விழுதுகள் பாவு இழைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கும். ஊடையை நெருக்கித் தட்ட அச்சு தனியே உண்டு. என் தறியில் இவ்விரு வேலைகளையும் ஒரே சட்டம் செய்கிறது. அதில் பிளவும் துளையும் மாறி மாறி அமைந்துள்ளன. சட்டத்தை உயர்த்தினால் துளைகளில் கோத்த இழைகள் மேலெழும், தாழ்த்தினால் கீழிறங்கும், பிளவுகளில் உள்ளவை இருந்த இடத்திலேயே இருக்கும். இடையில் திறக்கும் வழியே ஊடை செல்லும்.

அங்குலத்துக்கு 10 இழையாக, 18 அங்குல அகலத்துக்கு 180 பருத்தி இழைகளைக் கோத்தேன். இரு வாரங்கள் மாலைவேளைகளில் நெய்த ஒரு முழத் துணியைப் பெருமையோடு பெரியவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

“சாக்கு நெய்திருக்கிறீர்களே, சாமி! யாருக்கு?”

“அம்மாவுக்கு.”

“அம்மாவுக்கா? பிறகு ஏன் இந்த அடி அடிக்கிறீர்கள்?”

ஊடையைச் சற்றுச் சாய்வாக இட வேண்டும், சட்டத்தால் அடிக்காமல் மெல்ல அணைக்க வேண்டும், இழைக்கும் இழைக்கும் நடுவே இடம் விட வேண்டும் என்று கற்பித்தார். வீடு திரும்பி முழுவதையும் பிரித்தேன். நெய்வதைவிடப் பிரிப்பதற்கே பொறுமை மிகுதியும் வேண்டும்.

பிரிக்கும்போது ஒன்றை உணர்ந்தேன். அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதும் மருந்து, உணவு, உறக்கம் என்று கேள்விகளை நெருக்கி அடுக்கினேனேயன்றி, அவர் பேச இடம் விட்டதில்லை.

மீண்டும் தொடங்கினேன். இம்முறை, தறியோடு இருந்த கையேடு காட்டிய வண்ணம், சில வரிசைகளுக்கு ஒருமுறை பாவின் அடுத்தடுத்த இரண்டு இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரலால் மாற்றி, தட்டைக் குச்சியில் ஏந்தி, குச்சியை நிமிர்த்தி, அவ்வழியே ஊடையைச் செலுத்தினேன். ஊடை உள்ளே சென்றதும் முறுக்கு பூட்டிக்கொள்ளும். வலை போலக் கண்கள் தெரியும். ஆயினும் இழை நழுவாது. இக்கண்களே துணியின் கனத்தைக் குறைக்கின்றன. இரண்டாக மடித்துப் போர்த்தினால், இடையே தங்கும் காற்று கதகதப்பைக் காக்கும்.

யோபு தம் வாழ்நாளின் விரைவுக்கு நெசவாளனின் நாடாவையே உவமை கூறினார். 84 வயதுத் தாயை உடைய எனக்கு, ஊடை ஓடிய ஒவ்வொரு முறையும் அது நினைவுக்கு வந்தது. எனினும் விரையவில்லை. தறியிலிருந்து அறுத்து, ஓரங்களை முடிச்சிட்டு, வெந்நீரில் நனைத்து உலர்த்தியபின், விறைப்பாக நின்ற இழைகள் ஒன்றோடொன்று இசைந்து மென்மையாயின.

மாசிப் பனி நீங்குமுன் போர்வையோடு சென்றேன். நான் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் அம்மா என்னைச் ‘சாமி’ என்றே அழைத்துவந்தார். அன்று நானே அவர் தோளில் போர்த்தினேன். அவர் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“போட்டிருப்பதே தெரியவில்லை, தம்பி” என்றார.

அன்று மருந்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அம்மா ஒரு மணிநேரம் பேசினார்.